கரையில் கட்டிய தோணி: ஒரு கணினியில் ஆக்கி இன்னொரு கணினியில் ஓட்டிய வரலாறு



சாதாரண தர முடிவுகள் வந்து, உயர் தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் நாட்களில் பெற்றோரிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. "சேர், மகள் ஐ.சி.ரி. எடுக்கப் போறா. வீட்டில இருக்கிறது லினக்ஸ் போட்ட பழைய லெப்டொப். ஸ்கூல்ல வின்டோஸ். இதுல செஞ்சா அதுல ஓடாதாமே? புதுசு ஒண்டு வாங்கத்தான் வேணுமா?" கடையில் விலையைக் கேட்டுவிட்டுப் பாடத்தையே மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: வாங்கத் தேவையில்லை. ஒரு கணினியில் செய்நிரலை ஆக்கி, முற்றிலும் வேறான இன்னொரு கணினியில் ஓடவிடுவது நேற்று வந்த வித்தை இல்லை. இன்று உலகம் பாவிக்கும் பெரிய முறைமைகள் பல அப்படித்தான் பிறந்தன. அந்த வரலாறு தெரிந்தால் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் போய்விடும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

ஏன் ஓடாது என்கிறார்கள்?

முதலில் அடிப்படை. நாம் எழுதும் நிரல் மனிதன் வாசிக்கக்கூடியது. கணினியின் புரோசசருக்கு அது விளங்காது. அதற்கு விளங்குவது எண்களாலான கட்டளைகள் மட்டும். நாம் எழுதியதை அந்தக் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கொம்பைலர். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் தொகுப்பான் என்று படிப்பார்கள்.

கொம்பைலர் ஆக்கித் தரும் கோப்பு இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று புரோசசர். மேசைக் கணினியில் உள்ள இன்டெல் புரோசசரின் கட்டளைகள் வேறு, நமது போனில் உள்ள ஆர்ம் புரோசசரின் கட்டளைகள் வேறு. மற்றது பணிசெயல் முறைமை. ஒரே இன்டெல் கணினியில் வின்டோஸையும் லினக்ஸையும் போட்டு வைத்தாலும், ஒன்றுக்கென்று ஆக்கிய கோப்பு மற்றதில் நேரடியாக ஓடாது. கோப்பின் உள்ளமைப்பு வேறு. "இந்தக் கோப்பைத் திற", "இந்த எழுத்தைத் திரையில் காட்டு" என்று முறைமையிடம் கேட்கும் விதமும் வேறு. ஆகவே "ஓடாது" என்று சொல்பவர்கள் அந்தளவுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் கொம்பைலரும் ஒரு செய்நிரல்தான் என்பதைக் கவனியுங்கள். அது நமது எழுத்தை வாசித்து, எண்களைக் கோப்பொன்றில் எழுதி வைக்கிறது. அந்த எண்கள் எந்தப் புரோசசருக்கு, எந்த முறைமைக்கு என்பது பற்றிக் கொம்பைலர் ஓடுகின்ற கணினிக்குக் கவலையே இல்லை. லினக்ஸில் இருந்துகொண்டு வின்டோஸுக்கான கோப்பை எழுத எந்தத் தடையும் இல்லை. தோணியை யாரும் கடலில் வைத்துக் கட்டுவதில்லை. கரையில் கட்டுகிறார்கள், ஆனால் கடலைக் கணக்கில் எடுத்துக் கட்டுகிறார்கள். இதுவும் அதே வேலைதான். கிரொஸ் கொம்பைலிங் என்று இதற்குப் பெயர்.

1969: கையில் சுமந்த கடதாசி நாடா

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் உள்ள பெல் ஆய்வுகூடம், 1969 இல் மல்டிக்ஸ் என்ற மிகப் பெரிய பணிசெயல் முறைமைத் திட்டத்திலிருந்து விலகியது. அங்கு வேலை செய்த கென் தொம்சனுக்குச் சொந்தமாக ஒரு முறைமை செய்துபார்க்க ஆசை. அவரும் நண்பர்களும் புதிய கணினி கேட்டுப் பார்த்தார்கள். நிர்வாகம் கொடுக்கவில்லை.

தொம்சன் அப்போது விண்வெளியில் கப்பல் ஓட்டும் ஒரு விளையாட்டை எழுதியிருந்தார். அங்கிருந்த பெரிய ஜெனரல் இலெக்ட்ரிக் கணினியில் அதை ஒரு தடவை விளையாடினால் ஏறத்தாழ 75 டொலர் பெறுமதியான கணினி நேரம் போய்விடும். அதனால் அதிகம் பாவிக்கப்படாமல் கிடந்த ஒரு சின்னக் கணினியைத் தேடிப் பிடித்தார். அதன் பெயர் பிடிபி-7. நினைவகம் 8K சொற்கள் மட்டுமே. இன்று நாம் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படத்துக்குக்கூட அது போதாது.

அந்தச் சின்னக் கணினிக்கு அவர் வேலை செய்த விதம் இப்படி. பெரிய கணினியில் நிரலை எழுதினார். பிடிபி-7 இன் கட்டளைகளாக மாற்றும் வேலையையும் பெரிய கணினியிலேயே செய்தார். கிடைத்ததைக் கடதாசி நாடாவில் துளைகளாக அடித்தெடுத்தார். அந்த நாடாவைக் கையில் கொண்டுபோய்ச் சின்னக் கணினிக்கு ஊட்டினார். பிழை வந்தால் திரும்பவும் பெரிய கணினிக்கு நடை. அவர் பாவித்தது அசெம்பிளர் என்ற, கொம்பைலரை விட எளிமையான மாற்றி. ஆனால் தத்துவம் ஒன்றுதான்: ஆக்குவது ஓரிடம், ஓடுவது இன்னோரிடம்.

விளையாட்டுக்காகப் பழகிய இந்த வழியிலேயே ஒரு முறைமைக்கு வேண்டிய பாகங்களையும் அவர் ஒவ்வொன்றாக ஆக்கினார். முறைமையின் கரு, எழுத்துத் தொகுக்கும் கருவி, கட்டளைகளை ஏற்கும் பகுதி, கோப்பைப் பிரதி செய்யவும் அழிக்கவும் சில சின்னக் கருவிகள், கடைசியில் ஓர் அசெம்பிளர். அந்த அசெம்பிளர் பிடிபி-7 இலேயே ஓடத் தொடங்கியதோடு நாடா சுமக்கும் வேலை முடிந்தது. அதன் பிறகு அந்தக் கணினி தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொண்டது. அதுதான் யுனிக்ஸ். இன்றைய லினக்ஸ், அன்ட்ரொயிட், ஐபோன் எல்லாம் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்.

தயிருக்குப் பிரை விடுவது போன்ற விடயம் இது. முதல் சட்டிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கரண்டி தயிர் வாங்கித்தான் ஆகவேண்டும். அதற்குப் பிறகு நமது சட்டியிலிருந்தே அடுத்த சட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த வருடம், 1970 இல், அவர்களுக்கு பிடிபி-11 என்ற புதிய கணினி கிடைத்தது. ஆனால் அதற்குரிய டிஸ்க் வந்து சேர டிசம்பர் ஆகிவிட்டது. இந்த முறை பெரிய கணினியிடம் போகவில்லை. பிடிபி-7 இல் வைத்தே பிடிபி-11 க்கான நிரலை ஆக்கினார்கள். கடன் வாங்கி வளர்ந்த கணினி, அடுத்த கணினிக்குக் கடன் கொடுத்தது. டிஸ்க் வரும்வரை புதிய கணினி பெரும்பாலும் ஒரு மூலையில் நின்று, 6 க்கு 8 கட்டம் கொண்ட சதுரங்கப் பலகையில் குதிரை எல்லாக் கட்டத்துக்கும் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வழிகளை எண்ணிக்கொண்டிருந்ததாக டெனிஸ் ரிச்சி எழுதியிருக்கிறார். மூன்று மாத வேலையாம் அது.

1975: கண்ணால் காணாத கணினிக்கு எழுதியவர்கள்

1975 ஜனவரியில் ஓர் அமெரிக்க இலத்திரனியல் சஞ்சிகையின் அட்டைப்படத்தில் அல்டெயர் 8800 என்ற சிறிய கணினி வந்தது. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. முகப்பில் ஆளிகளும் சின்ன விளக்குகளும் மட்டும். அதைக் கண்டு ஆர்வம் கொண்ட இருவர், 22 வயதான போல் அலனும் 19 வயதான ஹாவர்ட் மாணவன் பில் கேட்ஸும். அல்டெயரைத் தயாரித்த நிறுவனத்துடன் தொடர்புகொண்டு, அதற்குப் பேசிக் மொழி தங்களிடம் இருப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் அப்போது அவர்கள் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. பொய் சொல்லி வியாபாரம் தொடங்கச் சொல்லவில்லை, பிள்ளைகளே. அதற்குப் பிறகு அவர்கள் செய்த வேலையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அவர்களிடம் அல்டெயர் இல்லை. அதன் உள்ளே இருந்த இன்டெல் 8080 சில்லும் கையில் இல்லை. இருந்தது ஹாவர்டில் இருந்த பிடிபி-10 என்ற பெரிய கணினியும், 8080 இன் கட்டளைகளை விளக்கும் கைநூலும். அந்தக் கைநூலைப் படித்து, பெரிய கணினியை 8080 போல நடிக்க வைக்கும் ஒரு செய்நிரலை அலன் எழுதினார். அதில் வைத்தே பேசிக் மொழியை எழுதிச் சோதித்தார்கள். தசம எண் கணக்குப் பகுதியை மொன்டி டேவிடொஃப் என்ற இன்னொரு மாணவன் எழுதிக் கொடுத்தார். சுமார் எட்டு வாரத்தில் வேலை முடிந்தது.

கடதாசி நாடாவுடன் அலன் நியூ மெக்சிகோவிலுள்ள அல்புகேர்க்கி நகருக்கு விமானம் ஏறினார். நாடாவைக் கணினிக்குள் ஏற்றும் சிறிய நிரலை எழுத மறந்துபோனது விமானத்தில்தான் நினைவுக்கு வந்தது. ஆசனத்தில் இருந்தபடியே கையால் எழுதினார். மறுநாள் ஆளிகளைத் தட்டி அதை உள்ளே செலுத்தி, நாடாவை ஓடவிட்டு, 2 ஐயும் 2 ஐயும் கூட்டிக் காட்டுமாறு கேட்டார். 4 என்று பதில் வந்தது. அதுவரை அல்டெயர் ஒன்றைத் தொட்டும் பார்த்திராதவர் எழுதிய செய்நிரல், முதல் நாளிலேயே ஓடியது. அதே வருடம் ஏப்ரலில் மைக்ரோசொஃப்ட் ஆரம்பமானது. வின்டோஸ் தந்த நிறுவனத்தின் முதல் சரக்கே இன்னொருவருடைய கணினியில் ஆக்கப்பட்டதுதான்.

மொழி பொதுவானதும் வழி இலகுவானது

இதே காலத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி சீ மொழியை உருவாக்கியிருந்தார். 1973 இல் யுனிக்ஸின் கருவை அந்த மொழியில் திருப்பி எழுதினார்கள். இது பெரிய திருப்பம். அசெம்பிளரில் எழுதியது ஒரு வகைக் கணினிக்கு மட்டும். சீயில் எழுதியதை, கொம்பைலரின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றினால் வேறு கணினிக்கும் ஆக்கலாம்.

ஆக்கியும் காட்டினார்கள். 1977 அளவில் பெல் ஆய்வுகூடத்தில் ரிச்சியும் ஸ்டீவ் ஜோன்சனும் இன்டர்டேட்டா என்ற வேறு வகைக் கணினிக்கு யுனிக்ஸைக் கொண்டுபோனார்கள். அதே காலத்தில் அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் என்பவரும், அதே குடும்பத்துக் கணினி ஒன்றுக்கு யுனிக்ஸைத் தனியாகக் கொண்டுபோனார். பெரிய ஆய்வுகூடம் செய்ததை ஒரு சின்னப் பல்கலைக்கழகமும் செய்தது.

1991: இன்னொரு மாணவன், அதே கதை

ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்தார். யாரும் பாவிக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமையோடு ஒரு முழு முறைமையை உருவாக்குவதே நோக்கம். 1987 இல் அதன் சீ கொம்பைலர் வெளிவந்தது. ஜிசிசி என்று அழைப்பார்கள். பல வகைப் புரோசசர்களுக்கும் கோப்பு ஆக்கக்கூடிய விதத்தில் அது வளர்ந்தது. காசு கொடுத்து வாங்க வசதியில்லாதவனுக்கும் கொம்பைலர் கிடைத்தது.

அது கிடைத்தவர்களில் ஒருவர் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவன் லினஸ் டோர்வால்ட்ஸ். யுனிக்ஸ் பிறந்த 1969 இல்தான் அவரும் பிறந்தார். 1991 இல் தன்னுடைய கணினியில் மினிக்ஸ் என்ற முறைமையைப் போட்டுக்கொண்டு, அதில் ஜிசிசியை ஓட்டி, புதிதாக ஒரு முறைமையின் கருவை எழுதத் தொடங்கினார். மினிக்ஸ், பேராசிரியர் அன்ட்ரூ டெனன்போம் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக எழுதியது. 1991 செப்டெம்பரில் வெளிவந்த லினக்ஸின் முதற் பதிப்பை ஆக்க மினிக்ஸ் தேவைப்பட்டது. டிசம்பரில் வந்த 0.11 பதிப்பை லினக்ஸில் வைத்தே ஆக்க முடிந்தது. தொம்சன் நாடா சுமப்பதை நிறுத்திய அதே கட்டம், 22 வருடங்களுக்குப் பிறகு ஒரு மாணவனின் அறையில்.

பாஸ்கலுக்கும் இதே கதைதான். நம் பிள்ளைகள் சாதாரண தரத்தில் படிக்கும் மொழி என்பதால் சொல்கிறேன். 1983 இல் டேர்போ பாஸ்கல் 49.95 டொலருக்கு வந்தபோது அது மிக மலிவு என்று பேசப்பட்டது. 1993 இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஃபுளோரியன் கிளெம்ஃபல் என்ற மாணவன் சொந்தமாக ஒரு பாஸ்கல் கொம்பைலர் எழுதத் தொடங்கினார். முதலில் அதை ஆக்குவதற்கு அந்த டேர்போ பாஸ்கலே தேவைப்பட்டது. இரண்டு வருடத்தில் அது தன்னைத் தானே ஆக்கும் நிலைக்கு வந்தது. அதுதான் இன்று இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீ பாஸ்கல். வின்டோஸ், லினக்ஸ், மெக் எல்லாவற்றிலும் ஓடும், ஒன்றிலிருந்து மற்றதற்கும் ஆக்கித் தரும்.

ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. முதலாவது கணினியில் ஒரு கொம்பைலரை ஆக்குகிறோம். அந்தக் கொம்பைலர் ஓடப்போவது இரண்டாவது கணினியில். அது ஆக்கித் தரும் கோப்போ மூன்றாவது கணினிக்கு. இப்படி மூன்று தரப்பு வரும் முறைக்குக் கனேடியக் கிரொஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்போது கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்ததுதான் காரணமாம்.

வசதியோடு வந்த ஒரு கேள்வி

இன்னொருவர் ஆக்கித் தருவதை எந்தளவு நம்பலாம்? இதைக் கேட்டவரும் தொம்சன்தான். கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை ஏற்றுப் பேசிய உரையில் கேட்டார். 1984 இல் அது அச்சில் வந்தது. அவர் காட்டியது இது. கொம்பைலருக்குள் ஒரு கள்ளத்தனத்தை ஒளித்து வைக்கலாம். அந்தக் கொம்பைலர், கணினியின் கடவுச்சொல் பார்க்கும் நிரலை ஆக்கும்போது அதில் ஓர் இரகசியக் கதவைத் திறந்துவிடும். கொம்பைலரின் புதிய பிரதியை ஆக்கும்போதும் அதே கள்ளத்தனத்தை அதற்குள் சேர்த்துவிடும். அதன்பின் மூல நிரலில் அந்தக் கள்ளத்தனம் எழுதப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூல நிரலை எத்தனை தடவை வாசித்தாலும் அகப்படாது.

நமது போனில் உள்ள செயலிகளைப் பாருங்கள். அவை அந்தப் போனில் ஆக்கப்படவில்லை. எங்கோ ஒரு கணினியில் யாரோ ஆக்கி அனுப்பியவை. நம் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் அவற்றுக்குள் இருக்கின்றன. ஆக்கும் அறிவு நம் ஊரில் ஒருவரிடமும் இல்லாவிட்டால், வருவதை அப்படியே நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. ஒரு பிள்ளை லெப்டொப் விலையைப் பார்த்துப் பாடத்தைக் கைவிடுவது இதனால்தான் எனக்குச் சின்ன விடயமாகத் தெரியவில்லை.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சில வார்த்தை

உயர் தரத்தில் படிக்கும் பைதன் மொழிக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. இரண்டு கணினியிலும் பைதன் இருந்தால், எழுதிய கோப்பைப் பென் ட்ரைவில் கொண்டுபோய் அப்படியே ஓட்டலாம்.

பாஸ்கல் என்றால், வீட்டில் லினக்ஸில் எழுதிய மூல நிரலைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் அங்குள்ள வின்டோஸில் கொம்பைல் செய்யுங்கள். ஓடும் கோப்பைக் கொண்டுபோகாமல் மூல நிரலைக் கொண்டுபோவதே எளிய வழி.

ஓடும் கோப்பாகவே கொடுக்க வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. சீ மொழிக்கு மின்ஜிடபிள்யு என்ற இலவசக் கொம்பைலரை லினக்ஸில் போட்டு வின்டோஸுக்கு ஆக்கலாம். கோ மொழியில் இன்னும் இலகு. எந்த முறைமை, எந்தப் புரோசசர் என்று இரண்டு சொற்களைக் கட்டளையில் சேர்த்தால் பெரும்பாலும் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஆக்குவது எங்கும் ஆகலாம், ஆனால் கடைசிச் சோதனை ஓடப்போகும் கணினியில்தான் நடக்க வேண்டும். கோப்புப் பாதையை வின்டோஸ் எழுதும் விதம் வேறு, லினக்ஸ் எழுதும் விதம் வேறு. தமிழ் எழுத்துக்கள் ஒன்றில் ஒழுங்காகத் தெரிந்து மற்றதில் உடைந்துபோகலாம். அலன் நாடாவைத் தபாலில் அனுப்பவில்லை, தானே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். நீங்களும் ஒப்படைக்க ஒரு நாள் முன்னராவது பாடசாலைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

மேலே சொன்ன எவரும் எல்லா வசதியும் கையில் வந்த பிறகு தொடங்கவில்லை. தொம்சனுக்குக் கிடைத்தது யாரும் கவனிக்காத கணினி. அலனுக்குக் கிடைத்தது ஒரு கைநூல். டோர்வால்ட்ஸுக்குக் கிடைத்தது இன்னொருவரின் முறைமையும் இலவசக் கொம்பைலரும். கடன் வாங்கித் தொடங்கினார்கள், தன் காலில் நிற்கும்வரை விடவில்லை, பிறகு மற்றவர்களுக்குக் கடன் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள்.

வீட்டில் பழைய கணினி ஏதும் சும்மா கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் போடவோ கொம்பைலர் போடவோ உதவி தேவைப்படும் பிள்ளைகள் பாடசாலை விட்ட பிறகு கணினிக் கூடத்துக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து செய்து பார்ப்போம். பாடம் தெரிவு செய்ய இருக்கும் பிள்ளைகளின் உம்மா வாப்பாமாருக்கு இதைப் பகிர்ந்துவிடுங்கள்.